கடவாயில் பஞ்சு

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க டெய்ரி ஃபார்ம் ஏரியாவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முப்பத்தோரு வருஷமா போட்ல சராங்கு நான். போட்டை ஓட்டறதும் என் பொறுப்பு, அதுல ஏறுற சனங்களும் என் பொறுப்பு. இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி, வீட்டுல உப்பு கேட்டாக்கூட அடுத்த லைன் வரைக்கும் கேக்கும். அப்படியாப்பட்ட ராஜமாணிக்கம் அஞ்சு நாள் வாயைத் திறக்காம உக்காந்திருந்தான். பல்லு பிடுங்குனதாலன்னு எல்லாரும் நெனச்சாங்க. நெனைக்கட்டும்னுதான் நானும் இருந்தேன்.

பல்லு வலி பொய்யில்லை. கீழ் வரிசையில இடது பக்கம், கட்டக் கடைசிப் பல்லு. பாதி வெளிய, பாதி ஈறுக்குள்ள. மூணு வருஷமா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வீங்கும், காது வரைக்கும் இழுக்கும். என் வீட்டுக்காரி இந்திராணி போய்ப் பிடுங்கிட்டு வாங்கன்னு சொல்லாத நாள் கிடையாது. நான் கிராம்பை வச்சு அமுக்கி, உப்புத் தண்ணிய வச்சு ஒப்பேத்தி, தள்ளிக்கிட்டே வந்தேன். புயல் எச்சரிக்கை இருக்கறப்போ போட்டைக் கரை சேத்தவன்தான், ஆனா தாடையில ஊசின்னா எனக்கு உடம்பெல்லாம் நடுங்கும். பயம்னா பயம்தான், அதுல மறைக்க என்ன இருக்கு?

அந்தப் பல்லைத்தான் ஒரு திங்கக்கிழமை காலையில, நானே போய் உக்காந்து, பிடுங்கச் சொல்லிட்டு வந்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல ஒரு விசாரணை. அதுல நான் சாட்சி.

விசாரணை குழந்தைவேலு மேல. என் போட்ல கயிறு கட்டற லஸ்கர். அவங்கப்பா சிலோன் தோட்டத்துலேர்ந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவரு. சுனாமிக்கப்புறம் இவன் சௌல்தாரிப் பக்கம் வந்து கொஞ்சம் நெலம், அஞ்சாறு தென்னைன்னு குடியேறுனான். பத்தொன்பது வருஷமா டெய்லி மஜ்தூர், தினக்கூலி. பர்மனென்ட் பண்ற ஃபைல் இப்பத்தான் ஒரு மேசையிலேர்ந்து இன்னொரு மேசைக்கு நகர ஆரம்பிச்சிருந்துச்சு. அந்த நேரம் பாத்து ஜூன் மாசம், மழை பிடிச்ச வாரம், படகு வந்து நிக்கற ஜெட்டியில ஒரு விபத்து. போட்டைக் கட்டியாச்சு, பலகை போட்டாச்சு, சனங்க எறங்கறாங்க. ஒரு பெரிய அலை தூக்குச்சு. கயிறு அறுந்து போட் விலகி, பலகை சரிஞ்சு, ஒரு பெங்காலி டீச்சரம்மா கீழ விழுந்துட்டாங்க. கால் ரெண்டு இடத்துல முறிவு. நல்ல வேளை, உயிர் தப்புச்சு.

ரிப்போர்ட்ல என்ன எழுதுனாங்க தெரியுமா? கயிறு அறுந்துச்சுன்னு எழுதலை. லஸ்கர் முடிச்சை ஒழுங்காப் போடலை, அவுந்திருச்சுன்னு எழுதுனாங்க. அறுந்த கயிறு அன்னிக்குச் சாயங்காலமே ஜெட்டியிலேர்ந்து காணாமப் போச்சு. அது இருந்த இடத்துல புத்தம் புதுக் கயிறு சுருட்டி வச்சிருந்துச்சு.

அந்தப் பழைய கயிறு இத்துப்போனது எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். கையில உருவுனா நார் நாராப் பிச்சுக்கிட்டு வரும். சூபர்வைசர் சிவபிரகாஷ்கிட்ட மூணு தடவை சொன்னேன். மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வருது, வந்ததும் மாத்திரலாம்னார். இந்தத் தீவுல எதைக் கேட்டாலும் அதுதான் பதில். மருந்துக்கும் கப்பல், மண்வெட்டிக்கும் கப்பல். நாமளும் கேட்டுக் கேட்டுப் பழகி, சரி கப்பல் வரட்டும்னு விட்டுருவோம். நானும் விட்டேன். வாயால சொன்னேனே தவிர லாக் புக்ல ஒரு வரி எழுதலை. எழுதுனா போட்டை நிறுத்தணும், நிறுத்துனா நூறு பேரு ஜெட்டியில நின்னு என்னைத் திட்டுவாங்க. விபத்தன்னிக்குக் காலையில குழந்தைவேலு கயித்தைக் கையில வச்சுக்கிட்டு, அலை ஜாஸ்தியா இருக்கே, இது தாங்குமான்னு கேட்டான். கட்டுடா, பெருசா சொல்ல வந்துட்டான்னு நான்தான் சத்தம் போட்டேன்.

அவன் தன்னோட பயான்ல, அதான் வாக்குமூலத்துல, அதைச் சொல்லலை. கயிறு அறுந்துச்சு, முடிச்சு சரியாத்தான் போட்டேன், எங்க சராங்கு அண்ணனைக் கேளுங்கன்னு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். மிச்சத்தை நானே சொல்லுவேன்னு விட்டுட்டான். அந்த நம்பிக்கைதான் எனக்குத் தாங்க முடியலை.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால சிவபிரகாஷ் என்னைச் சாத்தம் பாலத்துக்கிட்ட டீ குடிக்கக் கூப்பிட்டார். மிரட்டலெல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாத்தான் பேசுனார். கயிறு மோசம்னு சொன்னா, மோசம்னு தெரிஞ்சு போட்டை எடுத்தது யாருன்னு கேப்பாங்க. உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம். பென்ஷன் பேப்பரை நிறுத்தி வச்சாங்கன்னா என்ன பண்ணுவீங்க, யோசிச்சுக்கங்கன்னார். டீ ஆறிப் போச்சு. அன்னிக்குச் சாயங்காலம்தான் எனக்குப் பல்லு ஞாபகம் வந்துச்சு.

டாக்டர் ஒரு மலையாளத்துப் பொண்ணு. சின்ன வயசு, நல்ல கைராசி. பல்லை ரெண்டா ஒடைச்சு எடுத்து, ரெண்டு தையல் போட்டு, பஞ்சை வச்சுக் கடிச்சுக்கோங்கன்னுச்சு. அப்புறம் இந்தியில ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு. முக்கா மணி நேரம் பஞ்சை எடுக்கக் கூடாது. துப்பக் கூடாது. பீடி கூடாது. சூடா எதுவும் கூடாது, தயிர் சாதத்தைக் குழையப் பெசஞ்சு முழுங்கணும். நாளையிலேர்ந்து வெதுவெதுப்பா உப்புத் தண்ணி, அதையும் கொப்புளிக்காம சும்மா வச்சிருந்து விட்டுரணும். முக்கியமா ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சக் கூடாது. குழியில ரத்தம் கட்டியிருக்கும், அதுதான் எலும்புக்கு மூடி, உறிஞ்சுனா அது பிடுங்கிக்கிட்டு வந்துரும்னுச்சு. சுவத்துல படமே மாட்டியிருந்துச்சு, ஸ்ட்ராவுக்கு மேல செவப்புல பெருக்கல் குறி. நான் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே பேப்பர்ல எழுதிக் கேட்டது ஒண்ணுதான்: லீவுக்கு சர்டிபிகேட். பேசலாமான்னு கூட வந்த இந்திராணி கேட்டா. நாளையிலேர்ந்து மெதுவாப் பேசலாம்னு சொல்லுச்சு.

நாளைக்குன்னா செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில நான் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, கன்னத்துல கையை வச்சுப் படுத்துக்கிட்டேன். சர்டிபிகேட் பக்கத்து வீட்டுப் பையன் மூலமா ஆபீஸுக்குப் போயிருச்சு. இந்திராணி தயிர் சாதத்தைக் கொண்டாந்து பக்கத்துல வச்சுட்டு நின்னா. அவளுக்கும் வாய் கொஞ்சம் நஞ்சமில்லை, ஆனா அன்னிக்கு மெதுவாத்தான் சொன்னா.

"டாக்டர் இன்னிக்குப் பேசலாம்னுதானே சொன்னாங்க?"

நான் கன்னத்தைக் காட்டுனேன். அவ கிண்ணத்தை அங்கேயே வச்சுட்டுப் போயிட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைத் திட்டாம ஒரு கிண்ணத்தை வச்சுட்டுப் போனது அதுதான் முதல் தடவை. கோவம் கோவமா வந்துச்சு எனக்கு. யார் மேலன்னு கேக்காதீங்க. நீ வந்து நில்லேன் அந்த ஆபீஸ்ல, அப்பத் தெரியும்னு மனசுக்குள்ள கத்துனேன்.

என் கணக்கு என்னன்னா, நான் வரலைன்னா விசாரணை இருக்கற பேப்பரை வச்சு முடிஞ்சிரும். நான் யாரையும் காட்டியும் கொடுக்கலை, பொய்யும் சொல்லலை. பல்லு பிடுங்குனவனை யார் என்ன சொல்ல முடியும்? இதை நெனச்சு நெனச்சுத் தயிர் சாதத்தை முழுங்குனேன். எறங்கவே மாட்டேன்னுச்சு.

சாயங்காலம் வாசல்ல செருப்புச் சத்தம். குழந்தைவேலு. தோள்ல சாக்கு, அதுல நாலு இளநி. சௌல்தாரியிலேர்ந்து பஸ்ல தூக்கிட்டு வந்திருக்கான், அவன் மரத்துக் காய். உக்காரக்கூட இல்லை, சந்தோஷமாச் சொன்னான். விசாரணை பண்ற ஆபீசர் சாப்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டானாம். எங்க அண்ணனுக்குப் பல்லு ஆபரேஷன், அவர் இல்லாம எனக்கு விசாரணை வேண்டாம், அவர் வந்து சொன்னாத்தான் நியாயம்னு. சாப் நல்ல மனுஷர், வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வச்சுட்டாராம். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணேன்னான்.

நான் தலையாட்டுனேன். வேற என்ன செய்ய?

அவனே அரிவாள் வாங்கிச் சீவுனான். எனக்கு வாய் ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்கலைன்னு பாத்துட்டு, சட்டைப் பையிலேர்ந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்தான். உள்ள ஒரு ஸ்ட்ரா. வாயத் தெறக்க முடியாதேன்னு வழியில ஜூஸ் கடையில கேட்டு வாங்கியிருக்கான். அழுக்குப் படக்கூடாதுன்னு பேப்பர்ல சுத்தி வச்சிருக்கான். இளநியில போட்டு என் கையில கொடுத்தான்.

சுவத்துல மாட்டியிருந்த செவப்புப் பெருக்கல் குறி எனக்குக் கண்ணு முன்னால நின்னுச்சு. வேண்டாம்னு சொல்ல வாயைத் தெறக்கணும். தெறந்தா இன்னொண்ணும் பேசணும். அண்ணே வெள்ளிக்கிழமை என்ன சொல்லுவீங்கன்னு அவன் கேப்பான். நான் ஸ்ட்ராவை வாயில வச்சு உறிஞ்சுனேன். கடைசிச் சொட்டு வரைக்கும். அவன் பாத்துக்கிட்டே இருந்தான், பச்சைப் புள்ள பால் குடிக்கறதைப் பாக்கற மாதிரி.

வியாழக்கிழமை காலையில ஆரம்பிச்சுச்சு பாருங்க. பல்லு இருந்தப்ப வலிச்சதெல்லாம் ஒரு வலியா? தாடைக்குள்ள கம்பியை விட்டுக் கடைஞ்ச மாதிரி, காது, நெத்திப்பொட்டு, கழுத்து எல்லாம் ஒண்ணா இழுக்குது. வாயில ஒரு நாத்தம், எனக்கே தாங்கலை. சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நின்னேன். இந்திராணி ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, ரத்தக்கட்டி போயிருச்சு, எலும்பு வெளிய தெரியுதுன்னுச்சு. பீடி குடிச்சீங்களா, ஸ்ட்ரா போட்டீங்களான்னு கேட்டுச்சு. நான் இல்லைன்னு தலையாட்டப் போனேன். இளநி குடிச்சார், ஸ்ட்ரா போட்டுன்னு இந்திராணி சொல்லிட்டா. டாக்டர் என்னைத் திட்டலை. குழியைக் கழுவி, கிராம்பு வாசம் அடிக்கற மருந்தை உள்ள வச்சுச்சு. அரை மணி நேரத்துல வலி பாதியாக் கொறைஞ்சிருச்சு. நாளைக்கு வேலைக்குப் போகலாம், பேசலாம், ஒண்ணும் ஆகாதுன்னு என் மூஞ்சியைப் பாத்தே சொல்லுச்சு.

வெள்ளிக்கிழமை காலையில நான் ஒரு காரியம் பண்ணேன். சொல்லவே கேவலமா இருக்கு. மருந்துக்கடைப் பஞ்சை எடுத்து உருட்டி, இடது கன்னத்துல அடக்கிக்கிட்டேன். டாக்டர் வைக்கச் சொல்லலை. கண்ணாடியில பாத்தேன், கன்னம் நல்லாப் புடைச்சுத் தெரிஞ்சுச்சு. பின்னால இந்திராணி நின்னுக்கிட்டிருந்ததைக் கண்ணாடியிலதான் பாத்தேன். அவ சட்டையை எடுத்துக் கொடுத்தா.

ஆபீஸ் வராந்தாவுல குழந்தைவேலு வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருந்தான். கையில துணிப்பை. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு வந்தான், மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு. அண்ணி போன்ல சொன்னாங்க, என்னாலதானே அண்ணே இவ்வளவு கஷ்டம், எனக்குத் தெரியாதே, மன்னிச்சுக்கங்கன்னான். பையில இன்னொரு இளநி இருக்கு, இந்தத் தடவை டம்ளர்ல ஊத்தித் தர்றேன், விசாரணை முடிஞ்சதும் குடிங்கன்னான். நான் அவன் கண்ணைப் பாக்காம உள்ள போயிட்டேன்.

சாப் வயசானவர், இந்திக்காரர். என் கன்னத்தைப் பாத்து, பேச வேண்டாம், கஷ்டப்படாதீங்கன்னார். சிவபிரகாஷ் பக்கத்துலயே உக்காந்திருந்தார். என் பயான் ஏற்கெனவே டைப் அடிச்சுத் தயாரா இருந்துச்சு. ஒவ்வொரு வரியாப் படிப்பாங்க, சரின்னா தலையாட்டுனாப் போதும், கடைசியில கையெழுத்து. கிளார்க் படிக்க ஆரம்பிச்சான். உங்க பேரு ராஜமாணிக்கம். ஆட்டுனேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஆட்டுனேன். சம்பவத்தன்னிக்கு நீங்கதான் சராங்கு. ஆட்டுனேன். கயிறு நல்ல நிலைமையில இருந்துச்சு.

கழுத்து தானாக் கீழ எறங்கப் போச்சு. மூணு தடவை ஆட்டுனதுல அதுக்குப் பழகிருச்சு. பாதியில நிறுத்துனேன். மேலயும் போகலை, கீழயும் போகலை. கிளார்க் திரும்பவும் படிச்சான். அப்பத்தான் ஓரத்துல உக்காந்திருந்த குழந்தைவேலு எந்திரிச்சான்.

"சாப், அண்ணனை விட்டுருங்க. அவருக்கு ரொம்ப வலி. அவரு சொல்லலைன்னாலும் பரவாயில்லை, என் பேரை எழுதிக்கங்க. நான் பாத்துக்கறேன்."

அதை இந்தியில சொன்னான். எனக்கு இந்தி தெரியாம இருந்திருக்கலாமேன்னு தோணுச்சு. பத்தொன்பது வருஷத்தை, என் பல்லுக்காக, அந்த மேசை மேல வச்சுட்டு நிக்கறான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அதைவிட ஜாஸ்தியா என் மேலயே காறித் துப்பணும் போல இருந்துச்சு.

விரலை விட்டுப் பஞ்சை எடுத்தேன். மேசை மேல வச்சேன். சொன்னேன். தாடை வீக்கத்துல நாக்கு சரியாப் புரளலை, குழறிக்கிட்டு வந்துச்சு. கிளார்க் புரியலைன்னான். சிவபிரகாஷ், அவரால முடியலை, விட்டுரலாமேன்னார். தப்பிக்க அதுதான் கடைசி வழி, தெறந்து வச்சுக் கொடுத்தார். நான் மறுபடி சொன்னேன், இந்த வாட்டி இந்தியில, போட்ல கத்தற சத்தத்துல. வெளிய டைப் அடிச்சுக்கிட்டிருந்தவங்ககூட நிறுத்திட்டாங்க.

"கயிறு இத்துப்போயிருந்துச்சு, சாப். ரெண்டு மாசமா எனக்குத் தெரியும், சூபர்வைசருக்கும் தெரியும். இவன் வேண்டாம்னான். நான்தான் கட்டுடான்னு சொன்னேன்."

சாப் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தார். அப்புறம் டைப் அடிச்ச பேப்பரை ரெண்டா மடிச்சு ஓரமா வச்சு, புதுத் தாள் கேட்டார். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாங்க, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். வலி இருந்துச்சு. பேச முடிஞ்சுச்சு. எனக்கு சார்ஜ் மெமோ வரும்னு சாப் சொன்னார். வரட்டும்னு கையெழுத்துப் போட்டேன். குழந்தைவேலு போட்ட முடிச்சு சரியில்லைங்கற வரியைச் சாப் தன் கையாலயே அடிச்சு விட்டதைக் கண்ணால பாத்தேன். அது போதும்னு நெனச்சேன். சத்தியமாச் சொல்றேன், நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் வெளிய வந்தேன்.

வெளிய அவன் பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டிருந்தான். என்னைப் பாத்து ஓடி வரலை. நான்தான் கிட்டப் போனேன். அவன் உள்ளங்கையில அந்தப் பஞ்சு இருந்துச்சு. மேசையிலேர்ந்து எடுத்துட்டு வந்திருக்கான், குப்பையில போடலாம்னு எடுத்தானோ என்னவோ. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. எச்சில் ஈரத்தைத் தவிர, மருந்துக்கடையில வாங்குன மாதிரியே இருந்துச்சு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, மருந்து வாசம் இல்லை.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். கோவமா கேட்டிருந்தாத் தேவலை.

"பல்லு நிஜமாவே வலிச்சுதா அண்ணே?"

மூணு வருஷமா வலிச்சுதுன்னு சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. வாய் ஜாஸ்தியான எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரலை.

"வலிச்சுதுடா," அப்படின்னேன். "ஆனா திங்கக்கிழமை பிடுங்கணும்ங்கற அளவுக்கு இல்லை."

சரிண்ணேன்னு தலையாட்டுனான். சௌல்தாரி பஸ் வந்துச்சு. பஞ்சைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஏறி, நான் நின்ன பக்கம் இல்லாம அந்தப் பக்கத்து ஜன்னல் சீட்டுல உக்காந்தான். மடியில துணிப்பை இருந்துச்சு. அதுல இளநி இருந்தது எனக்குத் தெரியும்.